முப்பத்திரண்டு நீலக் குப்பிகள்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஃபயாஸைப் போல லீவே எடுக்காத மனிதன் இன்னொருவன் கிடையாது என்று டைம் ஆபீஸ் அருணாச்சலம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பாராட்டுகிறாரா, பரிதாபப்படுகிறாரா என்பது கேட்கிறவர் காதைப் பொறுத்த விஷயம். முபீனாவின் காதில் அது ஒரு நாளும் பாராட்டாக விழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போன மாப்பிள்ளையை ஊரெல்லாம் வேடிக்கையாகப் பேசலாம். அவனைக் கட்டிக்கொண்டவளுக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இருக்காது.

கஞ்சன் என்று சொன்னால் பாவம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல மாட்டான், பிரியாணி வாங்கினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குவான். அவனுக்கு இருந்த வியாதி வேறு. நல்ல பொருள் எது கைக்கு வந்தாலும் அதைப் பத்திரப்படுத்திவிடுவான். கல்யாணத்துக்குச் சீராக வந்த சூட்கேஸ் ஒன்றரை வருஷமாகப் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் பீரோவின் தலையில் உட்கார்ந்திருந்தது. துபாயிலிருந்து வந்த சென்ட் பாட்டில் மூடி திறக்காமலே பாதி ஆவியாகிவிட்டது. கேட்டால் ஒரே பதில்தான்: "இருக்கட்டும், தேவப்படும்."

எப்போது தேவைப்படும், யாருக்குத் தேவைப்படும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவன் வேலை பார்த்த கம்பெனியில் எண்ணெய் டப்பாக்களுக்கு மூடி வார்த்தார்கள். மெஷின், ஜப்பானில் ஒரு ஆயுசு ஓடிக் களைத்துவிட்டு இரண்டாவது ஆயுசுக்கு இங்கே வந்தது. பொத்தான்களின் மேலெல்லாம் ஜப்பான் எழுத்து. படித்த சூப்பர்வைசர்களே பயந்து தள்ளி நின்ற அந்தப் பலகையை ஃபயாஸ் உருவம் பார்த்தே பழகிக்கொண்டான். ஏணி மாதிரி இருந்தால் சூடு ஏறும். நாற்காலி மாதிரி இருந்தால் நின்றுவிடும். அவ்வளவுதான், இதற்கு எதற்கு மொழி என்பான்.

அந்தத் தைரியத்தில்தான் பர்மா பஜாரில் யாருமே சீண்டாமல் கிடந்த ஜப்பான் மொழி வீடியோ கேம் ஒன்றை வாங்கி வந்தான். பழைய ப்ளேஸ்டேஷன் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது. சண்டை, கார் பந்தயம் என்று பையன்கள் ஆடுகிற ரகம் இல்லை இது. கதை சொல்லும் ரகம். நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம் ஊர் ஊராக நடந்து, குகை குகையாக நுழைந்து, கடைசியில் உலகத்தை இருட்டாக்கிய அசுரனைக் கொல்ல வேண்டும். அவர்களுக்கு ஜப்பானில் என்ன பெயரோ, திருவள்ளூரில் ஃபயாஸ் வைத்ததுதான் பெயர். கத்தி பிடித்தவன் மஞ்சத்தலை. மந்திரம் போடுகிறவள் கோணத்தொப்பி. சாமான் சுமக்கிற குண்டு மனிதர் மூட்டைக்காரர். நாலாவது ஒரு தவளை, அது தவளை.

அதில் நீலக் குப்பி என்று ஒன்று உண்டு. கடையில் கிடைக்காது. குகைகளின் கோடியில், பாம்பு காக்கிற பெட்டிகளில் ஒன்றிரண்டு இருக்கும். ஒன்றைத் திறந்தால் போதும், விழுந்து கிடக்கிறவர்களையும் சேர்த்து நாலு பேரும் புது உயிரோடு எழுந்து நிற்பார்கள். இரண்டு வருஷமாக மூலை முடுக்கெல்லாம் தேடி ஃபயாஸ் சேர்த்து வைத்திருந்தது முப்பத்திரண்டு குப்பி. திறந்தது ஒன்றுகூட இல்லை.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் கடைசி வாசலுக்குப் போவான். அசுரனுக்கு மூன்று உருவம். முதலில் காக்கைத் தலை, அதை வெட்டினால் எட்டுக் கை, அதையும் வெட்டினால் வெறும் ஒரு கண். எட்டுக் கை வரைக்கும் போய் நாலு பேரும் செத்து விழுவார்கள். ஃபயாஸ் "சே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட வருவான். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே அறுபது எழுபது ஞாயிறு இதைப் பார்த்தவள் முபீனா.

"ரிமோட் பட்டன் சரியில்ல, முபீனா. அமுக்கினா லேட்டா கேக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த நீலக் குப்பிய ஒண்ணு ஒடச்சாதான் இன்னா?"

"இருக்கட்டும், தேவப்படும்."

"இவன்தானே கடைசி அசுரன்?"

"அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா இவனுக்கு அப்புறம் இன்னொருத்தன் இருந்தான்னு வச்சிக்கோ?"

இந்த இடத்தில் அவள் மாமியார் குல்சும் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். அசுரனின் காக்கை மூக்கு அவருடைய கொழுந்தனார் மூக்கைப் போலவே இருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். அதனால் அந்தச் சண்டையை அவர் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

விளையாட்டின் முதல் ஊரில் ஒரு படகுத்துறை உண்டு. அங்கே கூடை வைத்துக்கொண்டு ஒரு பெண் கடலைப் பார்த்தபடி நிற்பாள். எப்போது போய்ப் பேசினாலும் ஒரே வரிதான் சொல்லுவாள், அது என்னவென்று யாருக்கும் புரியாது. கல்யாணமான புதிதில் ஃபயாஸ் அவளைக் காட்டி, "பாத்தியா, உங்க ஊரு பொண்ணு," என்றான். முபீனாவின் ஊர் பழவேற்காடு. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டு, பழவேற்காட்டிலிருந்து தங்கை சிஃபாவின் போன் வந்தது. நிக்காஹ் முடிவாகிவிட்டது, அடுத்த மாதம் ஆறாம் தேதி. முபீனா வாப்பாவுக்கு இரண்டும் பெண். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் மாப்பிள்ளையை வாசலில் கைபிடித்து அழைத்து வருவதும், பந்தியில் முன்னால் நிற்பதும் மூத்த மருமகன் வேலை. அதற்கு முன்னால் பந்தல், சமையல்காரர், சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அழைப்பது என்று பத்து நாள் வேலை கிடக்கிறது.

"மச்சான் வருவாருல்ல, அக்கா?" என்று சிஃபா கேட்டாள்.

"வராம?" என்றாள் முபீனா. சொன்ன வாய் சொன்னது, மனசு நம்பவில்லை.

அன்று சாயங்காலம் ஃபயாஸ் டீ குடித்துக்கொண்டே நல்ல யோசனை ஒன்று சொன்னான். "ஆறாம் தேதி ஞாயித்துக்கெழம. நல்லதாப் போச்சு. காலைல ஆறு மணி பஸ் புடிச்சா செங்குன்றம், பொன்னேரி மாறி ஒம்பது மணிக்கெல்லாம் பழவேற்காடு. நிக்காஹ் முடிச்சு சாயங்காலம் திரும்பிடலாம். லீவே தேவயில்ல."

முபீனா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கழுவிய டம்ளரையே மூன்று தரம் கழுவினாள். பிறகு வெளியே வந்து நின்றாள்.

"எத்தினி நாள் லீவு இருக்குது உங்களுக்கு?"

"முப்பது."

"எதுக்கு?"

"நாளைக்கே ஒரு அவசரம்னா? லீவு போனா திரும்பி வராது, முபீனா."

"எந் தங்கச்சி கல்யாணமும் திரும்பி வராது. நம்ம கல்யாணமும் வரல. மறுநாள் நான் தனியா உக்காந்து நாஷ்டா சாப்ட்டேன், ஞாபகம் இருக்குதா?"

ஃபயாஸுக்கு ஞாபகம் இருந்தது. மாட்டிக்கொண்டால் ஆண்பிள்ளைகள் செய்வதையே அவனும் செய்தான், தமாஷாக்கினான். "சரி, ஒண்ணு பண்ணு. நீ அந்த அசுரன ஜெயிச்சுக் காட்டு. பத்து நாள் லீவு போடறேன்."

"பந்தயமா?"

கட்டிலிலிருந்து குல்சும் குரல் கொடுத்தார். "பந்தயம் கிந்தயம்னு சொல்லாதீங்க, ஹராம். வாக்குன்னு சொல்லு, ஃபயாஸு."

"வாக்கு," என்று ஃபயாஸ் சிரித்தான். இரண்டு வருஷம் தன்னால் முடியாததைப் பூண்டு உரிக்கிறவள் செய்துவிடுவாள் என்று எந்தப் புருஷனுக்குத் தோன்றும்?

வியாழக்கிழமை பகல் அவன் ஷிஃப்டுக்குப் போன பிறகு முபீனா சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அந்த மாதம் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் கட் பகல் இரண்டு மணியிலிருந்து நாலு வரை. அதற்குள் முடிக்க வேண்டும். குல்சும் பக்கத்தில் வெற்றிலையோடு உட்கார்ந்தார்.

அசுரன் மரியாதை தெரிந்தவன். அவன் ஒரு தரம் அடித்தால் நாம் ஒரு தரம் அடிக்க வேண்டும், நாம் யோசித்து முடிக்கிற வரைக்கும் சிறகை ஆட்டிக்கொண்டு காத்திருப்பான். முபீனா அவசரப்படவே இல்லை. காக்கைத் தலை போயிற்று. எட்டுக் கை வந்து ஒரே வீச்சில் மூன்று பேரைச் சாய்த்தது. ஃபயாஸ் இந்த இடத்தில்தான் "சே" என்பான். முபீனா நீலக் குப்பியை எடுத்தாள். விரல் ஒரு கணம் தயங்கியது, ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்த பழக்கதோஷம். பிறகு அழுத்தினாள்.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். வெளியே ஒரு மாற்றமும் இல்லை. கூரை இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்று முபீனாவுக்கு ஆகிவிட்டது. அப்புறம் கை தாராளமாயிற்று. இருபது குப்பி தீர்ந்தபோது எட்டுக் கையும் போய் ஒற்றைக் கண் வந்தது.

"கண்ணுதான் மிச்சமா? நீ குத்திக்கினே இரு, நான் தொழுதுட்டு வந்துடறேன்," என்று குல்சும் லுஹர் தொழுகைக்கு எழுந்து போனார்.

அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண் வெடித்தது, உலகம் வெளுத்தது. ஊர் ஊராகக் காட்டினார்கள். எல்லா ஊரிலும் வெயில். கடைசியில் அந்தப் படகுத்துறை வந்தது. கூடையோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. அதிலிருந்து மஞ்சத்தலை இறங்கினான். கையில் கத்தி இல்லை, ஒரு சின்ன மூட்டை மட்டும். அந்தப் பெண் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. கூடையால் அவன் தலையில் ஒரு போடு போட்டாள், அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வந்துட்டான்," என்று முபீனா டிவியைப் பார்த்துச் சொன்னாள். கண் நனைந்திருந்தது. ஒரு பொம்மைக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனால் யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியும்.

சாயங்காலம் ஃபயாஸ் வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல் கேமைப் போட்டுப் பார்த்தான். கடைசி வாசல் அப்படியே இருந்தது. மஞ்சத்தலை அப்படியே நின்றான். சாமான் பட்டியலைத் திறந்தான். நீலக் குப்பி முப்பத்திரண்டு.

"நீ பொய் சொல்றேன்னு சொல்லல," என்று மெதுவாக ஆரம்பித்தான். "ஆனா குப்பி ஒண்ணுகூட கொறயலயே."

முபீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளங்கியது. கதை முடிந்தால் முடிந்ததுதான், அது எங்கேயும் பதிவாவதில்லை. மறுபடி போட்டால் சண்டைக்கு முன்னால் எங்கே நிறுத்தினோமோ அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். செலவழித்ததெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

"அம்மா, நீ பாத்தியா?"

"பாத்தேன். கண்ணு வரைக்கும் பாத்தேன். அப்புறம் தொழுவப் போயிட்டேன்," என்றார் குல்சும். சாட்சி சொல்ல வந்தவர் வழக்கைக் கெடுத்துவிட்டுப் போனார்.

"கடசீல இன்னா ஆவும்னு சொல்றேன், கேளுங்க. படகுத்தொறையில..."

ஃபயாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "சொல்லாத! ரெண்டு வருஷமாக் காத்துக்கினு இருக்கேன். எதையும் சொல்லாத!"

இப்படி ஒரு மனிதன். முடிவைச் சொன்னால் நம்பலாம், ஆனால் முடிவைக் கேட்க மாட்டான். ஜெயித்தும் தோற்றவளாக முபீனா நின்றாள். "ஞாயித்துக்கெழம உங்க கண்ணு முன்னாலயே ஆடறேன். ஆனா வாக்கு வாக்குதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபயாஸ் கறி வாங்கப் போனவன் பதினொரு மணிக்குத்தான் வந்தான். சாப்பாடு, தொழுகை எல்லாம் ஆகி அவள் உட்காரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் ஒரு முழுப் பூண்டு கொடுத்தாள், உரிக்கச் சொல்லி.

முபீனாவுக்கு அன்றைக்குக் குறும்பு. ஒன்றரை வருஷக் குறும்பு. தவளையின் காலில் ஒரு கீறல் விழுந்தது, நீலக் குப்பி. கோணத்தொப்பிக்குத் தொப்பி சாய்ந்தது, நீலக் குப்பி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது.

"கீறலுக்கெல்லாம் ஒண்ணா? ஆத்துல போற தண்ணிய அம்மா குடி அய்யா குடின்னு..."

"தேவப்படுது. அதான்."

"முபீனா, அந்தக் குப்பி எந்தக் குகையில எடுத்தது தெரியுமா? மூணு மணி நேரம்!"

"நல்லா ருசியாத்தான் இருக்கும்."

குல்சும் சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் வம்புக்கும் ஒரு விலை உண்டு. ஒற்றைக் கண் வந்து நின்றபோது முபீனா பட்டியலைத் திறந்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. மிச்சம் இரண்டு குப்பி. கண் ஒரு தரம் இமைத்தது, அதில் ஒன்று போயிற்று. அடித்தாள், அடித்தாள், அது சிவந்து சிவந்து துடித்ததே தவிர சாகவில்லை. மறுபடி ஒரு தரம் இமைத்தது. மஞ்சத்தலை விழுந்தான், கோணத்தொப்பி விழுந்தாள், தவளை மல்லாந்தது. மூட்டைக்காரர் மட்டும் ஒரு முழங்காலில் நின்றார். கடைசிக் குப்பி அவர் மூட்டையில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடிக்க இன்னும் எட்டு நிமிஷம்.

வீம்புக்காக வாரி இறைத்தோமே என்று முபீனா தன்னையே நொந்துகொண்டாள். வாப்பா தனியாக வாசலில் நிற்கிற காட்சி கண்ணில் வந்து போயிற்று. அவள் ரிமோட்டைக் கணவன் மடியில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க. இருக்கட்டுமா?"

ஃபயாஸ் திரையைப் பார்த்தான். அவன் கணக்குத் தெரியாதவன் இல்லை. சும்மா இருந்தால் போதும். இரண்டு மணிக்குக் கரண்ட் போகும், வாக்கும் போகும். முப்பது நாளும் பத்திரம், முப்பத்திரண்டு குப்பியும் பத்திரம். அசுரன் இமையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தான். குல்சும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவன் முபீனாவைப் பார்த்தான். அவள் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், படகுத்துறைப் பெண்ணைப் போல.

"அவசரம்னா இதான் போல," என்று முணுமுணுத்துவிட்டுக் கடைசிக் குப்பியை அழுத்தினான்.

நாலு பேரும் எழுந்தார்கள். மஞ்சத்தலை ஒரே ஒரு வெட்டு வெட்டினான், கண் வெடித்தது. ஃபயாஸ் உரித்த பூண்டெல்லாம் தரையில் சிதற எழுந்து நின்றுவிட்டான். உலகம் வெளுத்தது. ஊர் ஊராக வெயில் வந்தது. அவன் வாய் திறந்தபடி பார்த்தான், இரண்டு வருஷம் இருட்டில் நடந்த ஊர்கள் அல்லவா. கடைசியில் படகுத்துறை. கூடையோடு அந்தப் பெண். தூரத்தில் ஒரு படகு.

"யாரோ வராங்க," என்றான் குழந்தை மாதிரி.

படகு கரையைத் தொட்டது. யாரோ எழுந்து காலை வெளியே எடுத்து வைக்க, டிவி அணைந்தது. மின்விசிறி நின்றது. அந்த வருஷம் மின்வாரியம் வேறெதில் எப்படியோ, கட் பண்ணுகிற நேரத்தில் மட்டும் ஒரு நிமிஷம் பிசகாது.

"ஐயோ! யாரு அது? படகுல யாரு?"

முபீனா தரையில் கிடந்த பூண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பழவேற்காட்டுக்கு வாங்க. சொல்றேன்."

"அதான் பத்து நாள் லீவு போடறேன்னு சொல்லிட்டேன்ல. இப்பவே சொல்லேன்."

"பத்தாவது நாள் சொல்றேன்."

"பேஜாரு பண்ணாத முபீனா. நீ சொல்லாட்டி போ. நாலு மணிக்குக் கரண்ட் வரும், குப்பியெல்லாம் அப்படியே இருக்கும், நானே ஆடிப் பாத்துக்கறேன்." சொல்லிக்கொண்டே ப்ளேஸ்டேஷனைத் தொட்டவன் அப்படியே நின்றான். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் அந்தச் சின்ன மெமரி கார்டு, அதன் இடத்தில் இல்லை. அவன் டிவியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தபோதே முபீனா அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

"எங்க வச்ச?"

"இருக்கட்டும்," என்றாள் முபீனா. "தேவப்படும்."

குல்சும் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்தது. ஃபயாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவின் தலையிலிருந்த சூட்கேஸை இறக்கினான். ஒன்றரை வருஷத் தூசி. அதன் பிளாஸ்டிக் உறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தான். சட்டென்று கிழியவில்லை. முபீனா அடுக்களையிலிருந்து கத்தியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.